பச்சை பாக்ஸை ஆஃப் பண்ணா என்ன ஆகும்?

28.4 மற்றும் 22.4. இந்தக் கட்டுரை இந்த ரெண்டு நம்பரைப் பத்தித்தான்.

போலந்து நாட்டில் நாலு கொலனோஸ்கோபி மையங்கள். 2021 கடைசியில் அங்கே ஏஐ வந்தது. குடலுக்குள்ள கேமரா நகரும்போது பாலிப் மாதிரி ஏதாவது தெரிஞ்சா, ஏஐ உடனே ஸ்கிரீன்ல அதைச் சுத்தி ஒரு கட்டம் போட்டுக் காட்டும். ஏஐ வருவதற்கு முந்தின மூணு மாசத்துல, அந்த மையங்களின் டாக்டர்கள் தங்கள் கண்ணை மட்டும் நம்பிச் செய்த பரிசோதனைகளில் 28.4 சதவீதத்தில் அடினோமா என்ற வகைக் கட்டியைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஏஐ வந்த பிறகும் எல்லாப் பரிசோதனையிலும் அதைப் பயன்படுத்தவில்லை. சிலவற்றை ஏஐ இல்லாமலே செய்தார்கள். அப்படி ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அந்த நம்பர் 22.4 ஆகக் குறைந்திருந்தது.

மொத்தம் 19 டாக்டர்கள். ஒவ்வொருத்தரும் ஏற்கெனவே 2000க்கு மேல கொலனோஸ்கோபி செஞ்சவங்க. யாரும் கத்துக்குட்டி இல்ல. இந்த ஆய்வு 2025 ஆகஸ்ட்ல லான்செட் குழுமத்தின் இதழ் ஒண்ணுல வந்தது. நியூஸ்ல ரெண்டு நாள் ஓடிச்சு, அப்புறம் எல்லாரும் அடுத்த ஏஐ செய்திக்குப் போயிட்டாங்க.

நம்மால அப்படிப் போயிட முடியாது. ஏன்னா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்டை எடுத்துப் பாருங்க. பாலிப் டிடெக்‌ஷன், பாலிப் செக்மென்டேஷன்னு ஒண்ணு ரெண்டு டைட்டிலாவது இருக்கும். இந்த மாதிரி சிஸ்டம்களை நாளைக்கு உருவாக்கப் போறவங்க நாமதான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஏஐ வேண்டாம்னு நான் சொல்ல வரல. ஏஐ ஆன்ல இருக்கும்போது எவ்வளவு கண்டுபிடிக்குதுன்னு அளக்கற அதே அக்கறையோட, அது ஆஃப்ல இருக்கும்போது அந்த டாக்டர் எவ்வளவு கண்டுபிடிக்கறார்னும் தொடர்ந்து அளக்கணும். அந்த ரெண்டாவது நம்பரைக் காட்ட முடியாத ஆஸ்பத்திரி இந்த மெஷினை வாங்கக் கூடாது. அந்த நம்பரைப் பத்தி யோசிக்காத இன்ஜினியர் இதை டிசைன் பண்ணக் கூடாது.

முதலில் பாலிப் கதை

பெருங்குடலின் உட்சுவரில் வளரும் சின்னச் சதை மொட்டுதான் பாலிப். பெரும்பாலான பாலிப்கள் ஒன்றும் செய்யாது. ஆனால் அடினோமா என்ற வகை, மெதுவா, பொதுவா பத்து வருஷம் அளவுக்கு டைம் எடுத்துக்கிட்டு, புற்றுநோயா மாற வாய்ப்பு இருக்கு. அந்தப் பத்து வருஷத்துல எப்போ கண்டுபிடிச்சாலும், கொலனோஸ்கோபி செய்யும்போதே ஒரு சின்னக் கம்பி வளையத்தால வெட்டி எடுத்துடலாம். கேன்சரை வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தற வாய்ப்பு மருத்துவத்துல ரொம்ப அபூர்வம். இங்க அது இருக்கு.

பிரச்சினை என்னன்னா, அது கண்ணுல படணும். பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம், உள்ளே முழுக்க மடிப்பு மடிப்பா இருக்கும். டாக்டர் கேமரா குழாயை முதல்ல பெருங்குடலின் தொடக்கம் வரைக்கும் கொண்டு போயிட்டு, வெளியே இழுத்துக்கிட்டு வரும்போதுதான் நிதானமா பார்ப்பார். இந்த இழுத்து வரும் நேரம் குறைஞ்சது 6 நிமிஷமாவது இருக்கணும் என்பது நீண்ட காலமாக இருக்கும் ஒரு அளவுகோல்.

எவ்வளவு கவனமா பார்த்தாலும் தவறிப் போகும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் அடுத்தடுத்து ரெண்டு தடவை கொலனோஸ்கோபி செய்து பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தால், முதல் தடவையில் ஏறக்குறைய நான்கில் ஒரு அடினோமா விட்டுப் போகிறது.

அதனால டாக்டர்களுக்கு ஒரு ஸ்கோர் உண்டு. அவர் செய்யும் கொலனோஸ்கோபிகளில் எத்தனை சதவீதத்தில் குறைந்தது ஒரு அடினோமாவாவது கண்டுபிடிக்கிறார் என்பதே அது. சுருக்கமா ஏடிஆர். நான் மேலே சொன்ன 28.4, 22.4 ரெண்டுமே ஏடிஆர்தான். இது வெறும் ரிப்போர்ட் நம்பர் இல்ல. அமெரிக்காவின் வட கலிஃபோர்னியாவில் 136 டாக்டர்கள் செய்த 3 லட்சத்துக்கும் அதிகமான கொலனோஸ்கோபிகளை வைத்து 2014ல் ஒரு ஆய்வு வந்தது. டாக்டரின் ஏடிஆர் ஒரு புள்ளி கூடினால், அவரிடம் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்குப் பிற்காலத்தில் பெருங்குடல் புற்றுநோய் வரும் ஆபத்து 3 சதவீதம் குறைகிறது என்று அதில் தெரிந்தது. அப்போ 28.4ல இருந்து 22.4னா ஆறு புள்ளி. 1000 பேருக்குக் கொலனோஸ்கோபி செஞ்சா, முன்னாடி அடினோமா இருக்குன்னு தெரிஞ்சிருக்கக்கூடிய 60 பேர் இப்போ 'ஒண்ணும் இல்ல, நிம்மதியா போங்க'ன்னு கேட்டுட்டு வீட்டுக்குப் போறாங்கன்னு அர்த்தம்.

ஏஐ உதவுது, அதுல சந்தேகம் இல்ல

நியாயமா பேசணும்னா இதையும் சொல்லணும். சீனாவில் 1058 பேரை வைத்து நடத்தி 2019ல் வெளிவந்த ஆய்வில், ஏஐ இல்லாத குழுவில் ஏடிஆர் 20.3, ஏஐ இருந்த குழுவில் 29.1. இத்தாலியில் 685 பேரிடம் நடந்து 2020ல் வெளிவந்த ஆய்வில் 40.4 என்பது 54.8 ஆனது. 2022ல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை பார்க்கும் அந்த முறையிலேயே ஏஐயைச் சோதித்தார்கள். முதல் தடவை ஏஐயோடு பார்த்தபோது தவறிய அடினோமாக்கள் 15.5 சதவீதம், ஏஐ இல்லாமல் பார்த்தபோது 32.4 சதவீதம். பாதிக்கும் கீழே குறைஞ்சிருக்கு. அமெரிக்காவின் எஃப்டிஏ 2021 ஏப்ரலில் ஜிஐ ஜீனியஸ் என்ற கருவிக்கு அனுமதி கொடுத்தது. ஸ்கிரீனில் பச்சை பாக்ஸ் போடுவது அந்தக் கருவிதான்.

இதெல்லாம் சாதாரண விஷயம் இல்ல. மனுஷக் கண்ணுக்குச் சோர்வு வரும். காலைல பத்தாவது பேஷண்ட்டைப் பார்க்கறப்ப இருக்கற கவனம் வேற, சாயங்காலம் கடைசி பேஷண்ட்டைப் பார்க்கறப்ப இருக்கற கவனம் வேற. மாடலுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. ஓரத்துல ஒரு தட்டையான பாலிப் அரை செகண்ட் எட்டிப் பார்த்துட்டுப் போனாலும் அது பிடிச்சுடும்.

ஆனா இந்த ஆய்வுகள் எல்லாமே கேட்கும் கேள்வி ஒண்ணுதான்: பாக்ஸ் ஆன்ல இருந்தா எவ்வளவு? போலந்து ஆய்வுதான் பாக்ஸ் இல்லாதப்ப எவ்வளவுன்னு கேட்டது.

'கால்குலேட்டர் வந்தப்பவும் இதையேதான் சொன்னாங்க'

இதைப் பத்தி ஃப்ரெண்ட்ஸ் கிட்ட பேசினா உடனே வர்ற பதில் இதுதான். கால்குலேட்டர் வந்ததும் மனக்கணக்கு போச்சு. அதனால உலகம் முழுகிப் போயிடல. ஜிபிஎஸ் வந்ததும் வழி ஞாபகம் வெச்சுக்கற பழக்கம் போச்சு. ஊபர் ஓட்டறவரு நம்மள வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டுடறாரு. மெஷின் செய்யற வேலையை மனுஷன் மறந்தா என்ன நஷ்டம்?

கேட்க நியாயமான கேள்விதான். ஆனா இங்க அது பொருந்தாது.

கால்குலேட்டர்ல 847ஐ 36ஆல பெருக்கணும்னா ரெண்டு நம்பரையும் அடிச்சா போதும். எனக்குப் பெருக்கல் தெரியுமா தெரியாதாங்கறது பத்தி கால்குலேட்டருக்கு அக்கறை இல்ல. என் திறமை குறைஞ்சாலும் அதோட விடை மாறாது. ஏன்னா அதுக்குப் போற இன்புட் என் திறமையைச் சார்ந்தது இல்ல.

பாலிப் ஏஐயோட இன்புட் எது? டாக்டரோட கை. கேமராவில் என்ன தெரியுதோ அதுல மட்டும்தான் ஏஐ பாக்ஸ் போட முடியும். ஒரு மடிப்புக்குப் பின்னாடி பாலிப் ஒளிஞ்சிருந்தா, குழாய் நுனியை வளைச்சு அந்த மடிப்பை விலக்கிப் பார்க்க வேண்டியவர் டாக்டர். ஒரு இடத்துல கழிவு ஒட்டியிருந்தா தண்ணி அடிச்சுக் கழுவ வேண்டியவர் டாக்டர். சந்தேகம் வந்து ரெண்டு சென்டிமீட்டர் திரும்ப உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவரும் அவர்தான். ஃப்ரேம்ல வராத பாலிப்பை எந்த நியூரல் நெட்வொர்க்காலயும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தத் தேடல் எங்க இருந்து வருது? 'இங்க ஏதோ இருக்கலாம்'ங்கற சந்தேகத்துல இருந்து. ஸ்கிரீன்ல பாக்ஸ் வரும்னு காத்துக்கிட்டு இருக்கற கண்ணுக்கு அந்தச் சந்தேகம் கொஞ்சம் கொஞ்சமா குறையும். இது என் ஊகம் மட்டும் இல்ல. 2022ல் வந்த ஒரு ஆய்வில் டாக்டர்களுடைய கண் அசைவை ட்ராக் பண்ணிப் பார்த்தார்கள். ஏஐ ஓடும்போது அவர்களுடைய பார்வை ஸ்கிரீனில் அலையும் தூரம் குறைந்திருந்தது.

ஆக, டாக்டர் திறமை குறைஞ்சா ஏஐக்குப் போற வீடியோவோட தரமும் குறையும். வீடியோ தரம் குறைஞ்சா ஏஐயும் சேர்ந்து கீழ இறங்கும். ரெண்டும் ஒரே கயித்துல கட்டியிருக்கு. போலந்து ஆய்விலேயே இன்னொரு நம்பர் இருக்கு, அதை யாரும் அதிகம் பேசல. ஏஐ வந்த பிறகு ஏஐயோடு செய்த பரிசோதனைகளில் ஏடிஆர் 25.3. ஏஐ வர்றதுக்கு முன்னாடி வெறும் கண்ணால பார்த்தப்ப வந்த 28.4ஐ விட இது கம்மி.

இந்த இடத்துல கொஞ்சம் ப்ரேக் போடணும். போலந்து ஆய்வு ஒரு கவனிப்பு ஆய்வுதான். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த பரிசோதனை இல்ல. ஏஐ வந்த பிறகு அந்த மையங்களில் வேலைப்பளுவும் கூடியிருந்தது, சோர்வும் ஒரு காரணமா இருந்திருக்கலாம். முன்னாடி வந்த பேஷண்ட்டுகளும் பின்னாடி வந்த பேஷண்ட்டுகளும் ஒரே மாதிரி இருந்தாங்கன்னு உறுதியா சொல்ல முடியாது. அதனால 'ஏஐ டாக்டர்களை முட்டாளாக்குது'ன்னு தலைப்பு போட்ட ஃபார்வர்டு மெசேஜ் எல்லாம் ஓவர். இந்த ஆய்வு ஒரு தீர்ப்பு கிடையாது. டேஷ்போர்டுல எரியற வார்னிங் லைட் மாதிரி. லைட் எரிஞ்சா இன்ஜின் போச்சுன்னு அர்த்தம் இல்ல, ஆனா பானெட்டைத் திறந்து பார்க்காம வண்டியை ஓட்டக் கூடாது.

விமானிகள் ஏற்கெனவே படிச்ச பாடம்

இது மருத்துவத்துக்குப் புதுசா இருக்கலாம், நம்ம இன்ஜினியரிங்குக்குப் புதுசு இல்ல. 1983லேயே லிசேன் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் ஆட்டோமேஷனின் முரண்கள் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். இன்னைக்கும் அதை மேற்கோள் காட்டாத ஆட்டோமேஷன் ஆராய்ச்சியாளர் அபூர்வம். அதோட சாரம் இதுதான்: ஈஸியான வேலையை எல்லாம் மெஷின் கிட்ட கொடுத்துட்டு, மெஷினால முடியாத கஷ்டமான நேரத்துல மட்டும் மனுஷன் வந்து காப்பாத்தணும்னு எதிர்பார்க்கறோம். ஆனா தினமும் கை பழகலன்னா அந்தக் கஷ்டமான நேரத்துல அவரால எப்படிக் காப்பாத்த முடியும்?

2009 ஜூன் 1. ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில், வேகத்தை அளக்கும் குழாய்களை ஐஸ் துகள் அடைத்துக்கொண்டது. ஆட்டோபைலட் தானாகக் கழன்றுகொண்டது. அதுவரைக்கும் அது பெரிய பிரச்சினை இல்ல, விமானம் நல்லாத்தான் இருந்தது. ஆனா அந்த உயரத்துல கையால ஓட்டிப் பழக்கமில்லாத விமானிகள் விமானத்தின் மூக்கை மேல தூக்கிக்கிட்டே இருந்தாங்க. ஐந்து நிமிஷத்துக்குள்ள விமானம் அட்லாண்டிக் கடல்ல விழுந்தது. 228 பேர் இறந்தார்கள்.

அதுக்கப்புறம் ஆட்டோபைலட்டை யாரும் தூக்கிப் போடல. 2013 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமான நிறுவனங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பியது. சூழ்நிலை அனுமதிக்கும்போதெல்லாம் கையால் ஓட்ட விமானிகளை ஊக்கப்படுத்துங்கள் என்பதுதான் அதன் சாரம். ஆட்டோமேஷனும் வேணும், கைப்பழக்கமும் வேணும்னு முடிவு பண்ணாங்க. பாலிப் ஏஐக்கும் அதே அறிவு வர்றதுக்கு ஒரு 447 நடக்கணும்னு காத்திருக்கத் தேவையில்ல. அதுவும் இல்லாம, இங்க அப்படி ஒரு நாள் வரவே வராது. விமானம் விழுந்தா உலகத்துக்கே தெரியும். தவறிப்போன பாலிப் அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ கழிச்சு, ஒரு ஆளுக்கு, ஒரு ஊர்ல, கேன்சரா வரும். அதையும் அன்னைக்கு ஆஃப்ல இருந்த ஒரு பாக்ஸையும் யாரும் சேர்த்துப் பார்க்கப் போறதில்ல. அதனாலதான் நம்பரை எடுத்து வைக்கணும்னு சொல்றேன்.

நிறைய கண்டுபிடிச்சா அது நல்லதா?

இன்னொரு விஷயம். ஏஐ கூடுதலாகக் கண்டுபிடிக்கிறவற்றில் பெரும்பாலானவை 5 மில்லிமீட்டருக்கும் சின்ன பாலிப்கள். ஸ்பெயினில் 3213 பேரிடம் நடந்து 2023ல் வெளிவந்த ஆய்வு, கவலைப்பட வேண்டிய அளவுக்கு வளர்ந்த கட்டிகளை மட்டும் எண்ணியது. ஏஐயோடு 34.8 சதவீதம், ஏஐ இல்லாமல் 34.6. கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

சின்ன பாலிப்பையும் எடுக்கறது நல்லதுதானேன்னு தோணும். ஆனா எடுத்தா லேபுக்கு அனுப்பணும், அடுத்த கொலனோஸ்கோபியைச் சீக்கிரம் வெச்சுக்கச் சொல்லணும், அந்தக் குடல் கழுவற மருந்தைத் திரும்பக் குடிக்கணும், செலவு, பயம் எல்லாம் கூட வரும். 2025ல் பிஎம்ஜே இதழில் ஒரு சர்வதேசக் குழு இதையெல்லாம் எடை போட்டுப் பார்த்து, கொலனோஸ்கோபியில் இந்த ஏஐயை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அதையும் மென்மையான பரிந்துரை என்றுதான் சொன்னார்கள், தடை இல்லை. வேற நிபுணர் குழுக்கள் வேற மாதிரி சொல்றாங்க. விவாதம் இன்னும் முடியல.

எனக்கு இதைவிட சுவாரஸ்யமா பட்டது நார்வே, பிரிட்டன், ஜப்பான் மூணு நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்து 2022ல் வெளியிட்ட ஆய்வு. இது பாலிப்பைத் தேடும் ஏஐ இல்ல. கண்டுபிடித்த சின்ன பாலிப் ஆபத்தான வகையா இல்லையா என்று சொல்லும் ஏஐ. ஆபத்தானதைச் சரியாக அடையாளம் காண்பது 88.4 சதவீதத்திலிருந்து 90.4 ஆனது. புள்ளியியல்படி இது முன்னேற்றம்னு சொல்ல முடியாத அளவு. ஆனா டாக்டர்கள் 'எனக்கு உறுதியா தெரியும்'னு சொன்ன சந்தர்ப்பங்கள் 74.2 சதவீதத்திலிருந்து 92.6க்குத் தாவியது.

யோசிச்சுப் பாருங்க. தெளிவா ஏறினது நம்பிக்கை மட்டும்தான். சாட்பாட் எழுதிக் கொடுத்த கோடை சப்மிட் பண்ற நம்ம ஜெனரேஷனுக்கு இந்த ஃபீலிங் நல்லாவே தெரியும். ஸ்கிரீன்ல பார்க்க எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும். லேப் எக்ஸாம்ல நெட்டை கட் பண்ணதும்தான் யாருக்கு என்ன தெரியும்னு தெரியவரும். நமக்கு அரியர் எழுத ஒரு சான்ஸ் இருக்கு. பேஷண்ட்டுக்கு இல்ல.

நம்ம ஊருக்கு இது எப்போ வரும்?

மேல சொன்ன ஆய்வுகள் எல்லாம் வெளிநாட்டுல நடந்தவை. நம்ம நிலைமை வேற. இந்தியாவின் அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் மக்கள் தொகை அளவில் பரிசோதனை இருக்கிறது, பெருங்குடலுக்கு இல்லை. இங்கே இந்த நோய் மேற்கு நாடுகளை விடக் குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனா நோய் வர்றவங்க பல பேர் லேட்டா வர்றாங்க. மலத்துல ரத்தம் போனா மூலம்னு நினைச்சு, வெளிய சொல்ல வெட்கப்பட்டு, கை மருந்து பார்த்து, மாசக்கணக்குல தள்ளிப் போடறது நம்ம வீடுகள்ல நடக்காத விஷயம் இல்ல. அமெரிக்காவுல 45 வயசுலேயே பரிசோதனையை ஆரம்பிக்கச் சொல்றாங்க. நம்ம அப்பா அம்மா வயசைக் கணக்குப் போட்டுக்கோங்க.

டாக்டர்கிட்ட வராத ஆளுக்கு எந்த பாக்ஸும் உதவாது. அதனால நம்ம ஊர்ல முதல் வேலை பேச்சுதான். ரத்தம் போனா சொல்லுங்க, குடும்பத்துல யாருக்காவது குடல் கேன்சர் இருந்திருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, வெட்கப்படாதீங்கன்னு வீட்டுல சொல்றதுக்கு எந்த ஜிபியூவும் வேணாம்.

அடுத்தது, இங்க ஏஐயை விக்கறதுக்கு ஒரு டயலாக் ரெடியா இருக்கு: 'ஸ்பெஷலிஸ்ட் கம்மி, அந்தக் குறையை ஏஐ தீர்த்துடும்.' கேட்க நல்லா இருக்கு. ஆனா எனக்கு இதுலதான் பயம் அதிகம். போலந்து டாக்டர்களாவது 2000 பரிசோதனை வெறும் கண்ணால செஞ்சு பழகினதுக்கு அப்புறம் பாக்ஸைப் பார்த்தாங்க. இறங்கினாலும் இறங்கறதுக்கு ஒரு உயரம் இருந்துச்சு. முதல் நாளே பாக்ஸோட கத்துக்க ஆரம்பிக்கற ஒரு ட்ரெய்னிக்கு அந்த உயரமே வராமப் போகலாம். மறந்து போறதுக்கு முதல்ல கத்திருக்கணும் இல்லையா?

அப்போ என்னதான் செய்யணும்?

எனக்குத் தோணறது மூணு விஷயம்.

ஒண்ணு, ஏஐ வாங்கற ஆஸ்பத்திரி எதுவா இருந்தாலும், ஒவ்வொரு டாக்டரும் குறிப்பிட்ட பங்கு பரிசோதனையை பாக்ஸ் ஆஃப்ல செய்யணும். எதை ஆன்ல, எதை ஆஃப்லங்கறதை குலுக்கல் முறையில முடிவு பண்ணணும். ரெண்டு ஏடிஆரும் தனித்தனியா பதிவாகணும். ஆஃப் நம்பர் இறங்கினா அந்த டாக்டரைத் திட்டறதுக்கு இல்ல, பயிற்சி கொடுக்கறதுக்கு.

ரெண்டு, ட்ரெய்னிங்ல இருக்கறவங்க முதல்ல பாக்ஸ் இல்லாமத் தேறணும். டிரைவிங் ஸ்கூல்ல ரிவர்ஸ் கேமரா இல்லாம எட்டு போடச் சொல்ற மாதிரி.

மூணு, இது நமக்கு. பாக்ஸ் எப்போ வரணும்ங்கறது ஒரு டிசைன் முடிவு. டாக்டர் பார்க்கறதுக்கு முன்னாடியே பாக்ஸ் வந்தா அவர் தேடவே மாட்டார். அதுக்குப் பதிலா, குடலின் ஒரு பகுதியை டாக்டர் முழுசா பார்த்து முடிக்கற வரைக்கும் ஏஐ சத்தம் போடாம குறிச்சு வெச்சுக்கிட்டு, கேமரா இன்னும் உள்ளே இருக்கும்போதே 'இந்த ரெண்டு இடத்தை நீங்க பார்க்கல'ன்னு சொன்னா எப்படி இருக்கும்? டாக்டருக்குத் தினமும் ஒரு டெஸ்ட் எழுதின மாதிரி ஆகும், பேஷண்ட்டுக்கும் ஒண்ணும் தவறாது. திரும்ப உள்ளே போனா நேரம் கூடும்தான். அந்தக் கூடுதல் நேரம் எவ்வளவுன்னு அளந்து பார்க்கறதே ஒரு நல்ல ப்ராஜெக்ட்.

இப்போ நம்ம ப்ராஜெக்ட்டுகளுக்கு வர்றேன். பெரும்பாலும் எல்லாரும் எடுக்கறது ரெண்டு டேட்டாசெட். நார்வேயிலிருந்து வந்த க்வாசிர்-செக், 1000 படங்கள். பார்சிலோனாவிலிருந்து வந்த சிவிசி-க்ளினிக்டிபி, 612 படங்கள். 2015ல் வந்த யூ-நெட் அல்லது அதோட ஏதாவது ஒரு தம்பி மாடலை ஓட்டினா டைஸ் ஸ்கோர் சுலபமா 0.9 பக்கத்துல வந்துடும். ரிவ்யூல கைத்தட்டல் கிடைக்கும்.

ஆனா ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும். இந்த ரெண்டு டேட்டாசெட்லயும் எல்லாப் படத்துலயும் பாலிப் இருக்கு. பாலிப் இல்லாத குடலை அந்த மாடல் பார்த்ததே இல்ல. நிஜ கொலனோஸ்கோபியில செகண்டுக்கு 25 ஃப்ரேம்னு வெச்சா, 10 நிமிஷத்துல 15,000 ஃப்ரேம். அதுல பெரும்பாலானதுல பாலிப்பே இருக்காது. நூத்துல ஒரு ஃப்ரேம்ல நுரையையோ மடிப்பையோ பாலிப்னு காட்டினாக்கூட 150 தப்பான பாக்ஸ். கொஞ்ச நேரத்துல டாக்டர் எந்த பாக்ஸையும் மதிக்க மாட்டார். அடுத்தது, சிவிசி படங்கள் 612ம் ஏறக்குறைய 30 வீடியோத் துண்டுகளிலிருந்து எடுத்தவை. ரேண்டமா பிரிச்சா ஒரே பாலிப்போட பக்கத்துப் பக்கத்து ஃப்ரேம்கள் ட்ரெய்ன்லயும் இருக்கும், டெஸ்ட்லயும் இருக்கும். கொஸ்டின் பேப்பரைப் பார்த்துட்டு எக்ஸாம் எழுதற மாதிரி.

அதனால இந்த வருஷம் பாலிப் ப்ராஜெக்ட் எடுத்திருக்கற ஜூனியர்ஸ்கிட்ட ஒரு வேண்டுகோள். வீடியோ வாரியா பிரிங்க. பாலிப் இல்லாத ஃப்ரேம்களையும் சேர்த்து டெஸ்ட் பண்ணி, நிமிஷத்துக்கு எத்தனை தப்பான பாக்ஸ்னு ஒரு காலம் போடுங்க. ஸ்கோர் 0.9ல இருந்து இறங்கும், பரவாயில்ல. கடைசி ஸ்லைடுல 'ஃப்யூச்சர் ஒர்க்'னு போட்டு மொபைல் ஆப் பண்ணப் போறோம்னு எழுதறதுக்குப் பதிலா, 'இதை ஒரு டாக்டர் ஆறு மாசம் யூஸ் பண்ணா, அதுக்கப்புறம் இது இல்லாம அவர் எப்படிப் பார்ப்பார்னு எப்படி அளக்கலாம்?'னு ஒரு கேள்வியைப் போடுங்க. ரிவ்யூ பேனல்ல யாராவது அதைப் பத்திக் கேட்டா, அன்னைக்கு நடந்த ரிவ்யூலயே அதுதான் நல்ல கேள்வியா இருக்கும்.